மேஜர் லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆட விடவில்லை... இன்று சாதனைப் பட்டியலில் முதலிடம்! யார் இந்த ஜோஷ் கிப்சன்?

2024 மே 29. அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் காலையில் செல்போனைத் திறந்தபோது, பல தலைமுறைகளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரு பெயர் இடம் மாறியிருந்தது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் எல்லா காலத்துக்கும் முதலிடம் என்றால் டை காப். 1928-ல் ஓய்வுபெற்றவர், சராசரி .367. அந்த இடத்தில் இப்போது .372 என்ற எண்ணோடு ஜோஷ் கிப்சன் என்ற பெயர் இருந்தது.

இதோடு முடியவில்லை. பந்தை எவ்வளவு பலமாக, எவ்வளவு தூரம் அடித்தார் என்பதைக் காட்டும் ஸ்லக்கிங் கணக்கில் பேப் ரூத்தின் .690-ஐ கிப்சனின் .718 தாண்டியது. இரண்டு திறமைகளைக் கூட்டிச் சொல்லும் ஓபிஎஸ் கணக்கிலும் ரூத்தின் 1.164-க்கு மேலே கிப்சனின் 1.177 வந்து உட்கார்ந்தது.

இதில் விஷயம் என்னவென்றால், கிப்சன் இறந்து 77 வருடங்கள் ஆகியிருந்தன. காப்பும் ரூத்தும் ஆடிய அந்த மேஜர் லீக்கில் அவர் ஒரே ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. ஆட விடவில்லை. காரணம், அவர் கறுப்பர்.

அப்படியென்றால் எப்படி முதலிடம்? இது நியாயமான கணக்குதானா? எல்லா காலத்துக்குமான சிறந்த வீரர்களை எண்களை வைத்து வரிசைப்படுத்தும்போது கிப்சன் உண்மையில் எங்கே நிற்கிறார்? இதற்குப் பதில் வேண்டுமானால் முதலில் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஃகு ஆலை நகரத்தில் ஒரு பையன்

ஜோஷ் கிப்சன் பிறந்தது 1911 டிசம்பர் 21, ஜார்ஜியா மாநிலத்தின் பியூனா விஸ்டா என்ற சின்ன ஊரில். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்களுக்கு நிலமும் கிடையாது, கௌரவமும் கிடையாது. லட்சக்கணக்கானோர் வேலை தேடி வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிப்சனின் அப்பா மார்க்கும் கிளம்பினார். பிட்ஸ்பர்க்கில் எஃகு ஆலையில் வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் கழித்து, 1920-களின் நடுவில், குடும்பமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

பையன் தொழிற்பயிற்சிப் பள்ளியில் எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டாச்சு. தொழிற்சாலையில் வேலை, பிறகு ஒரு பெரிய கடையில் லிஃப்ட் இயக்கும் வேலை. சாயங்காலமும் லீவு நாளும் பேஸ்பால். உயரம் 6 அடி 1 அங்குலம், அதற்கேற்ற தோள். அக்கம்பக்கத்து அணிகளில் ஆடும்போதே அந்தப் பையன் அடிக்கும் அடியைப் பற்றி நகரம் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது.

அவர் ஆடிய இடம் கேட்சர். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதைச் சட்டென்று புரியவைக்கலாம்: விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் உட்கார்ந்த நிலையிலேயே நூறு பந்துக்கு மேல் பிடிக்க வேண்டும். முட்டியும் விரலும் சீக்கிரம் தேய்ந்துபோகும் வேலை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கு போடும்போது தேவைப்படும்.

18 வயதில் வந்த வாய்ப்பும் இழப்பும்

1930 ஜூலை. பிட்ஸ்பர்க் பக்கத்தின் பெரிய கறுப்பின அணியான ஹோம்ஸ்டெட் கிரேஸின் கேட்சருக்கு ஆட்டத்தின் நடுவே கையில் அடிபட்டது. பார்வையாளர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கிப்சனைக் கூப்பிட்டு இறக்கிவிட்டார்கள் என்பது பிரபலமான கதை. எந்த அளவு அப்படியே நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த ஜூலையில் 18 வயதுப் பையன் கிரேஸ் அணிக்குள் நுழைந்தது உண்மை. சீசன் முடிவதற்குள் அணியின் முக்கிய பேட்டர்களில் ஒருவராகிவிட்டார்.

அடுத்த மாதமே வாழ்க்கை புரண்டது. அவருடைய இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுக்கும்போது இறந்துபோனார். ஒரு மகன், ஒரு மகள், இருவரும் பிழைத்தார்கள். மகனுக்கு ஜோஷ், மகளுக்கு ஹெலன் என்று தாய் தகப்பன் பெயரையே வைத்தார்கள். பிள்ளைகளை ஹெலனின் பெற்றோர் வளர்த்தார்கள். அப்பா பஸ் ஏறி அடுத்த ஊருக்கு ஆடப் போனார். அடுத்த 16 வருடம் அவர் வாழ்க்கை பெரும்பாலும் பஸ்ஸிலும் மைதானத்திலும்தான் கழிந்தது.

எழுதப்படாத சட்டம்

அமெரிக்க பேஸ்பாலில் கறுப்பர்கள் ஆடக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் சட்டம் இல்லை. 1884-ல் டொலிடோ அணிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் மேஜர் லீக்கில் ஆடியிருக்கிறார். அவரும் ஒரு கேட்சர்தான். ஆனால் அதற்குப் பிறகு அணி முதலாளிகளுக்குள் வாய்மொழியாக ஒரு உடன்பாடு வந்தது. யாரும் கையெழுத்து போடவில்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். 1920 முதல் 1944-ல் இறக்கும்வரை லீக் கமிஷனராக இருந்த கெனசா மவுன்டன் லாண்டிஸ் காலத்திலும் அந்தக் கோட்டை ஒருவரும் தாண்டவில்லை.

கதவு மூடியிருந்ததால் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டினார்கள். 1920-ல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அன்றைய வழக்கில் இருந்த அந்தப் பெயரே வரலாற்றிலும் நிலைத்துவிட்டது. பொருளாதார மந்தத்தில் அந்த லீக் 1931-ல் நின்றுபோனது. 1933-ல் அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தவர் பிட்ஸ்பர்க்கின் கஸ் கிரீன்லி. நம்பர்ஸ் என்ற சட்டவிரோத லாட்டரியில் சம்பாதித்தவர். அந்தப் பணத்தில்தான் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணியை நடத்தினார், அணிக்கென்று சொந்தமாக ஒரு மைதானமும் கட்டினார்.

1932-ல் கிப்சன் கிராஃபோர்ட்ஸுக்கு வந்தார். அந்த அணியைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். சாட்செல் பெய்ஜ், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், கூல் பாப்பா பெல், ஜூடி ஜான்சன், கிப்சன். பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ஐந்து பேர் ஒரே அணியில் ஆடினார்கள்.

ஆனால் அவர்கள் தினசரி வாழ்க்கை நட்சத்திர வாழ்க்கை இல்லை. பல ஊர்களில் ஹோட்டலில் அறை தர மாட்டார்கள், சாப்பாடு தர மாட்டார்கள். பஸ்ஸிலேயே தூக்கம். லீக் ஆட்டங்களின் வருமானம் மட்டும் போதாது என்பதால் ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு காட்சி ஆட்டங்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், சில நாள் மூன்று. இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று ஸ்கோர்கார்டு கிடையாது.

பதில் வராத தந்தி

கறுப்பின பத்திரிகைகள் கிப்சனைக் கறுப்பு பேப் ரூத் என்று அழைத்தன. அவர் ஆட்டத்தை நேரில் பார்த்த சிலர், ரூத்தைத்தான் வெள்ளை ஜோஷ் கிப்சன் என்று சொல்ல வேண்டும் என்று திருப்பிச் சொன்னார்கள். வெள்ளையின வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அவர் திறமை நன்றாகவே தெரியும். காட்சி ஆட்டங்களில் எதிரெதிரே ஆடியவர்கள்தானே!

1937 டிசம்பரில் பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையாளர் ஒருவர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் மேலாளர் பை ட்ரெய்னருக்கு ஒரு தந்தி அடித்தார். உங்கள் அணிக்குத் தேவையான ஆட்கள் இதே நகரத்தில்தான் இருக்கிறார்கள் என்று கிப்சன், பெய்ஜ், பக் லெனார்ட் உள்ளிட்டோரின் பெயர்களைப் பட்டியலிட்டார். பதில் வரவே இல்லை.

அதே 1937-ல் கிப்சன் திரும்பவும் கிரேஸ் அணிக்கு வந்திருந்தார். லெனார்டும் அவரும் சேர்ந்து அந்த அணியின் முதுகெலும்பானார்கள். 1940 வாக்கில் கிரேஸ் அணி தன் ஆட்டங்களில் பலவற்றை தலைநகர் வாஷிங்டனில், வெள்ளையின அணியான செனட்டர்ஸின் மைதானத்தில் ஆட ஆரம்பித்தது. அந்த மைதானத்தின் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித்துக்கு வாடகையும் வந்தது, கிப்சனின் ஹோம் ரன்களும் கண்ணெதிரே பறந்தன. ஒருநாள் அவர் கிப்சனையும் லெனார்டையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மேஜர் லீக்கில் ஆட விருப்பமா என்று விசாரித்ததாக லெனார்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். விருப்பம் என்றார்கள். பேச்சு அதோடு நின்றது. வாடகை மட்டும் தொடர்ந்து வந்தது.

எல்லைக்கு வெளியே ராஜா

சொந்த நாட்டில் கிடைக்காததை கிப்சன் வெளிநாட்டில் தேடினார். 1937-ல் பெய்ஜோடு டொமினிகன் குடியரசுக்குப் போய், சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயரைத் தாங்கிய நகரத்தின் அணிக்காக ஆடினார். குளிர்காலங்களில் போர்ட்டோ ரிக்கோ. 1941-42 குளிர்கால சீசனில் அங்கே அவர் பேட்டிங் சராசரி .480.

1940, 41-ல் மெக்ஸிகோ. சம்பளம் அதிகம். எந்த ஹோட்டலிலும் தங்கலாம், எந்த மேசையிலும் உட்கார்ந்து சாப்பிடலாம். 1941-ல் வெராக்ரூஸ் அணிக்காக 94 ஆட்டங்களில் 33 ஹோம் ரன். ஒப்பந்தத்தை மீறிப் போய்விட்டார் என்று கிரேஸ் உரிமையாளர் கம் போசி 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அடுத்த சீசனில் கிப்சன் திரும்பி வந்ததும்தான் வழக்கு முடிவுக்கு வந்தது.

இந்த வெளிநாட்டு எண்கள் எதுவும் இன்றைய மேஜர் லீக் பட்டியலில் சேராது. அதாவது, 28, 29 வயதில், ஒரு பேட்டர் உச்சத்தில் இருக்கும் இரண்டு வருடங்கள் அவர் கணக்கில் கிட்டத்தட்ட காலி.

தலைவலியோடு ஆடிய சீசன்

1943 ஜனவரியில் கிப்சன் நினைவிழந்து விழுந்தார். மருத்துவர்கள் மூளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தால் உடல் செயலிழந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு விடாத தலைவலி. குடி அதிகமானது. மனநிலை தடுமாறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் உண்டு. முட்டிகளும் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தன.

அந்த 1943-ல்தான் அவர் சராசரி .466. இன்று மேஜர் லீக்கின் அதிகாரபூர்வ பட்டியலில் ஒரு சீசனின் மிக உயர்ந்த பேட்டிங் சராசரி அதுதான். 1943, 44 இரண்டு வருடமும் கிரேஸ் அணி நீக்ரோ வேர்ல்ட் சீரிஸையும் வென்றது.

1945 அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகம் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்தது. கோட்டைத் தாண்டும் முதல் ஆள் யார் என்பது தெரிந்துவிட்டது. அது கிப்சன் இல்லை. அவருக்கு 33 வயது, உடம்பு முழுக்கப் பிரச்னை. 1946-லும் கிரேஸுக்காக ஆடினார். அதுவே கடைசி.

1947 ஜனவரி 20, பிட்ஸ்பர்க். பக்கவாதத்தில் கிப்சன் இறந்தார். வயது 35. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15-ம் தேதி ராபின்சன் டாட்ஜர்ஸ் சட்டையோடு களமிறங்கினார்.

கிப்சன் புதைக்கப்பட்ட இடத்தில் 1975 வரை பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1972-லேயே ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கல்லறைக்குக் கல் வர மேலும் மூன்று வருடம் ஆனது.

800-ஆ, 200-க்கும் கீழா?

இனி எண்களுக்கு வருவோம். ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் அவர் பட்டயம் கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் என்று சொல்கிறது. மேஜர் லீக்கின் இன்றைய அதிகாரபூர்வ கணக்கிலோ 200-க்கும் கீழே. ஒரே ஆள், ஒரே கேரியர். எப்படி இவ்வளவு வித்தியாசம்?

பட்டயத்தில் உள்ளது லீக் ஆட்டம், ஊர் ஊராகப் போய் ஆடியது எல்லாம் சேர்ந்த தோராயக் கணக்கு. அதிகாரபூர்வ கணக்கு லீக் ஆட்டங்களை மட்டும், அதுவும் ஸ்கோர் விவரம் கிடைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நீக்ரோ லீக் சீசன்களே சின்னவை. வெள்ளையின லீக்கில் ஒரு அணி வருடத்துக்கு 154 ஆட்டம் ஆடியபோது, இங்கே பதிவான லீக் ஆட்டங்கள் பல வருடங்களில் அதில் பாதிகூட இல்லை.

பெரிய வெள்ளையின பத்திரிகைகள் இந்த ஆட்டங்களைக் கண்டுகொள்ளவில்லை. கறுப்பின பத்திரிகைகளில் முக்கியமானவை வாரப் பத்திரிகைகள். எல்லா ஆட்டத்துக்கும் இடம் கிடையாது. வெளியூரிலிருந்து தபாலில் ஸ்கோர் வந்தால்தான் அச்சாகும்.

ஆவணம் இல்லாத இடத்தில் கதை வளரும். யாங்கீ ஸ்டேடியத்தைத் தாண்டியே பந்தை வெளியே அடித்தார் என்பது ஒரு கதை. ஆதாரம் கிடைத்ததில்லை. 1942 நீக்ரோ வேர்ல்ட் சீரிஸில் பெய்ஜ் வேண்டுமென்றே முன்னால் வந்த பேட்டர்களை நடக்கவிட்டு, எல்லா பேஸும் நிறைந்த நிலையில் கிப்சனை எதிர்கொண்டு அவுட் ஆக்கினார் என்பது இன்னொன்று. பேஸ் நிறைந்திருந்ததும், கிப்சன் அவுட் ஆனதும் நிஜம். வேண்டுமென்றே நடக்கவிட்டார் என்ற மசாலாவை அன்றைய செய்திகள் உறுதிப்படுத்தவில்லை.

இந்தக் கதைகள் கிப்சனுக்குப் புகழ் சேர்த்தன. அதே நேரம் ஒரு சிக்கலையும் உண்டாக்கின. அவரைப் புராண நாயகனாகப் பார்த்துவிட்டால், நிஜ வீரராக மற்றவர்களோடு ஒப்பிடவே தேவையில்லை என்று ஒதுக்கிவிடலாம் அல்லவா? ஒரு சில ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. பழைய பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம்களை உருட்டி, ஆட்டம் ஆட்டமாக ஸ்கோரைச் சேர்த்தார்கள். சீம்ஹெட்ஸ் என்ற டேட்டாபேஸ் அப்படி உருவானது. 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்குகளாக ஏற்றது. 2024-ல் வரலாற்றாசிரியர் ஜான் தோர்ன் தலைமையிலான குழு சரிபார்த்த எண்கள் அதிகாரபூர்வ பட்டியலில் ஏறின. 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் கணக்கு அதில் இருக்கிறது.

வார் என்றால் என்ன?

சராசரி ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். ஒரு வீரரின் மொத்த மதிப்பை ஒரே எண்ணில் சொல்ல இன்று அதிகம் பயன்படுவது வார், அதாவது வின்ஸ் அபவ் ரீப்ளேஸ்மென்ட்.

கேள்வி சிம்பிள். இந்த வீரரை எடுத்துவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு உடனே கிடைக்கும் ஒரு சுமாரான மாற்று ஆளைப் போட்டால், அணி எத்தனை வெற்றிகளை இழக்கும்? பேட்டிங், பேஸ் ஓடுவது, ஃபீல்டிங், ஆடும் இடம், பிட்சராக இருந்தால் பந்துவீச்சு என எல்லாவற்றையும் ரன்களாக மாற்றுவார்கள். தோராயமாக 10 ரன் ஒரு வெற்றிக்குச் சமம். முழுக்க மாற்று ஆட்களாலான ஒரு அணி 162 ஆட்டத்தில் சுமார் 48 ஜெயிக்கும் என்பது அடிப்படை அளவு. ஒரு சீசனில் 5 வார் எடுத்தால் ஆல்-ஸ்டார் தரம். 8-க்கு மேல் போனால் அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருதுக்கே போட்டி.

பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தின் வாழ்நாள் வார் பட்டியலில் முதலிடம் பேப் ரூத், சுமார் 183. பேட்டிங்கோடு ஆரம்ப காலப் பந்துவீச்சும் சேர்ந்த கணக்கு இது. அவருக்குப் பின்னால் பிட்சர்கள் வால்டர் ஜான்சன், சை யங், பேட்டர்கள் பேரி பாண்ட்ஸ், வில்லி மேஸ். எல்லோரும் 150-க்கு மேல்.

ஜோஷ் கிப்சன்? சுமார் 40.

40 என்பது தோல்வியா?

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் கிப்சன் நூற்றுக்கணக்கான பேருக்குப் பின்னால் நிற்பார். ஆனால் வார் என்பது உண்டியல் மாதிரி. ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ரூத் ஆடியது 2,503 ஆட்டம். பாண்ட்ஸும் மேஸும் 3,000-ஐ ஒட்டி. கிப்சனின் கணக்கில் பதிவாகியிருப்பது சுமார் 600 ஆட்டம்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம். 162 ஆட்டம் கொண்ட ஒரு முழு சீசனுக்கு எவ்வளவு வார்? பந்துவீச்சை விட்டுவிட்டால் ரூத்துக்கு 10-க்குச் சற்று மேல். கிப்சனுக்கும் 10-ஐ ஒட்டியே வருகிறது. பாண்ட்ஸும் மேஸும் 8-க்கும் 9-க்கும் நடுவில்.

இன்னொரு ஒப்பீடு. கேட்சர்களுக்கு உடம்பு சீக்கிரம் தேய்வதால் அவர்கள் யாரும் பட்டியலின் உச்சிக்கு வருவதில்லை. கேட்சர்களிலேயே அதிக வார் எடுத்தவர் ஜானி பெஞ்ச், சுமார் 75. அவருடைய 162 ஆட்டக் கணக்கு 6-க்கும் கீழே. அதாவது ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தால் வரலாற்றின் சிறந்த கேட்சரைவிட கிப்சன் வெகு தூரம் முன்னால்.

ஆட்சேபங்களும் பதில்களும்

எதிர்ப்பவர்கள் சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 600 ஆட்டத்தில் எடுத்த சராசரியை 3,000 ஆட்டத்தில் எடுத்ததோடு ஒப்பிடுவது சரியா? சின்ன சீசனில் உச்ச எண்கள் வருவது சுலபம். 154 ஆட்டம் ஆடியிருந்தால் .466 கீழே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நீக்ரோ லீக்குக்குப் பட்டியல் தகுதி வரம்பையும் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதோடு வார் ஒரு வீரரை அதே லீக்கின் மற்ற வீரர்களோடுதான் அளக்கும். லீக்கின் தரத்தை அது தனியாகச் சொல்லிவிடாது.

மறுபக்கமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 சீசன் வெறும் 60 ஆட்டம். அதை யாரும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. லீக் தரத்தைப் பற்றிச் சந்தேகம் என்றால், கதவு திறந்தபின் நடந்ததைப் பார்க்கலாம். 1949 முதல் 1959 வரை 11 வருடங்களில் நேஷனல் லீக்கின் சிறந்த வீரர் விருது 9 முறை கறுப்பின லீக்குகளில் ஆடிவிட்டு வந்தவர்களுக்கே போனது. ராபின்சன், காம்பனெல்லா, மேஸ், நியூகோம்ப், ஆரன், பேங்க்ஸ். இதில் மூன்று முறை வென்ற ராய் காம்பனெல்லா ஒரு கேட்சர். நீக்ரோ லீக்கில் கிப்சனுக்கு எதிராக ஆடியவர்.

தரம் பற்றிய கேள்வியை ஒரு பக்கம் மட்டும் கேட்க முடியாது என்பதும் முக்கியம். காப்பும் ரூத்தும் தங்கள் சாதனைகளைப் படைத்தது கறுப்பின வீரர்களை வெளியே நிறுத்திய லீக்கில். அதிகாரபூர்வ ஆட்டத்தில் சாட்செல் பெய்ஜின் ஒரு பந்தைக்கூட ரூத் சந்தித்ததில்லை. பெய்ஜுக்கு மேஜர் லீக் கதவு திறந்தபோது வருடம் 1948, வயது 42.

ஆகவே, கிப்சன்தான் எல்லா காலத்துக்கும் சிறந்த பேட்டர் என்று எண்கள் நிரூபித்துவிட்டன என்று சொன்னால் அது மிகை. மொத்த மதிப்பில் ரூத்தின் இடத்துக்கு அருகில்கூட அவர் வரவில்லை. ஆட்ட விகிதத்தில் ரூத்தோடு தோளுக்குத் தோள் நிற்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவர் திறமையால் வந்ததல்ல. ஆட விடாத ஆட்டங்களாலும், எழுதி வைக்காத ஸ்கோர்களாலும், 35 வயதில் வந்த மரணத்தாலும் வந்தது.

இன்னும் முடியாத கணக்கு

2020-ல் சிறந்த வீரர் விருதுக் கேடயத்திலிருந்து லாண்டிஸின் பெயரை பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் நீக்கியது. அந்த இடத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பெயர்களில் ஒன்று ஜோஷ் கிப்சன்.

பட்டியல் வேலையும் முடியவில்லை. 1920-48 கால நீக்ரோ லீக் ஆட்டங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கின் விவரங்கள்தான் இதுவரை கிடைத்திருக்கின்றன. மீதி எங்கோ ஒரு நூலகத்தின் பழைய பத்திரிகைக் கட்டில் இருக்கலாம், ஒரு குடும்பத்தின் பரணில் இருக்கும் ஸ்கோர் நோட்டில் இருக்கலாம், அழிந்தே போயிருக்கலாம். புதிய ஸ்கோர் கிடைக்கக் கிடைக்க எண்கள் மாறும் என்பதை மேஜர் லீக் நிர்வாகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதனால் இன்று .372 என்று நிற்கும் எண் நாளை ஒரு புள்ளி ஏறலாம், ஒரு புள்ளி இறங்கலாம். இறந்து முக்கால் நூற்றாண்டு தாண்டியும் ஒரு பேட்டரின் சராசரி இப்படி மாறிக்கொண்டே இருப்பது பேஸ்பாலில் அபூர்வம்.